கணக்கில் வராத கடல்மொழி

சோமாலியாவின் தென்கோடியில் இருக்கும் கிஸ்மாயோ துறைமுகத்துக்குக் கீழே, கரையை ஒட்டினாற்போல் பவளச் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் வரிசையாகத் தெற்கே இறங்குகின்றன. கோயாமா, சோவாய், சூலா என்று போகும் அந்த வரிசையைக் கடந்து ராஸ் கியம்போனி முனையைத் தாண்டினால் கென்யா வந்துவிடும். அங்கும் அதே பாறை, அதே கண்டல் காடு, அதே மக்கள். கியுங்கா, கிவாயு, ந்டாவு, பாட்டே தீவிலுள்ள ஃபாஸா, கிஸிங்கிட்டினி என ஊர்ப் பெயர்கள்தான் மாறும். இந்தக் கரை நெடுக மீன்பிடித்தும் படகு கட்டியும் கண்டல் வெட்டியும் வாழ்ந்தவர்கள் பஜுனிகள். இஸ்லாமியர்கள், பதினெட்டுக் குலங்களாகத் தங்களை எண்ணிக்கொள்பவர்கள். அவர்கள் பேசுவது கிபஜுனி. டிக்கூ என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

சிறுமொழி ஒன்றின் அழிவைப் பற்றி எழுதுகிறவர்கள், பெரிய மொழி வந்தது, சின்னது போனது என்று முடித்துவிடுவது வழக்கம். கிபஜுனியின் வரலாற்றை அப்படி முடிக்க முடியாது. சோமாலி, சுவாஹிலி ஆகிய இரண்டு பெருமொழிகளுக்கு நடுவே அது பல தலைமுறைகள் நன்றாகவே வாழ்ந்தது. கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்தது வேறு. அந்த மொழி எங்கெல்லாம் வேலை செய்ததோ, அந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் பேசுகிறவர்களின் கையைவிட்டுப் போயின. முதலில் நிலப்பகுதியின் வயல்கள், பிறகு படகுத்துறை, பிறகு தீவுகள், கடைசியில் இரவுக் கடல். பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு குறிக்க முடியும், காரணமும் சொல்ல முடியும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் எண்ணம். காலத்தின் போக்கு என்று கடந்துவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும்.

கிபஜுனி பாண்டு மொழிக் குடும்பத்தில் சபாக்கி என்ற கிளையைச் சேர்ந்தது. கென்யாவில் ஓடும் சபாக்கி ஆற்றின் பெயரால் மொழியியலாளர்கள் அமைத்த கிளை அது. சுவாஹிலி, போக்கோமோ, மிஜிகெண்டா, மொசாம்பிக் கரையின் முவானி, கொமோரோ தீவுகளின் மொழி எல்லாம் அதில் அடக்கம். டெரெக் நர்ஸ், தாமஸ் ஹின்னெபுஷ் இருவரும் 1993-இல் வெளியிட்ட 'சுவாஹிலி அண்ட் சபாக்கி' என்ற பெருநூல் இந்த உறவுகளை ஒலி ஒலியாக நிறுவுகிறது. பள்ளிகளில் கற்பிக்கப்படும் சுவாஹிலியில் 'ட' ஒலி வரும் பல இடங்களில் கிபஜுனியில் அழுத்தமான 'ச்ச' ஒலி வரும். மூன்று என்பதற்கு அங்கே 'டாட்டு', இங்கே 'சாச்சு'. இது ஏதோ ஒரு சொல்லில் நேர்ந்த திரிபு அன்று. மொழி முழுவதும் ஒழுங்காக ஓடும் விதி. இப்படிப் பல விதிகள் சேர்ந்துவிட்டதால், பழக்கமில்லாத சான்சிபார்க்காரருக்குத் தீவுக் கிழவர் ஒருவரின் பேச்சு சட்டென்று பிடிபடாது.

பாண்டு மொழிகளை எண்ணிட்டு அடுக்கிய மால்கம் கத்ரி, 1948-இல் டிக்கூவுக்கு ஜி41 என்றும் சுவாஹிலிக்கு ஜி42 என்றும் தனித்தனி எண் கொடுத்தார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேறு கணக்கு ஒன்று தீர்ந்திருந்தது. 1928-இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு, கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொதுவான எழுத்துமொழிக்கு அடிப்படையாகச் சான்சிபார் நகரத்துப் பேச்சைத் தேர்ந்தெடுத்தது. 1930-இல் அதற்கென்று ஒரு மொழிக்குழு அமைந்தது. பாடநூலும் அகராதியும் தேர்வும் அந்தப் பேச்சிலேயே வந்தன. கரையோரத்தின் மற்ற மொழிகள் எல்லாம் 'கிளைவழக்கு' ஆயின. கென்யாவில் பஜுனி என்பது ஓர் இனப்பெயர். மொழி என்று வரும்போது அவர்கள் சுவாஹிலிக்காரர்கள். யுனெஸ்கோ 2021-இல் ஜூலை 7-ஐ உலகச் சுவாஹிலி நாளாக அறிவித்தது. ஆப்பிரிக்க மொழி ஒன்றுக்கு அந்தச் சிறப்புக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், சுவாஹிலியின் எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் பஜுனிகளும் அந்த வெற்றியில் சேர்த்து எண்ணப்படுகிறார்கள். அதனால் அவர்கள் மொழி குறைந்துவருவது எந்தப் பட்டியலிலும் இழப்பாகத் தெரிவதில்லை. அந்நிய மொழி ஒன்று நெருக்கியிருந்தால் எதிர்க்குரலாவது எழுந்திருக்கும்.

அரசியல் எல்லை அந்த மொம்பாசா மாநாட்டுக்கும் முன்னால் வந்தது. முதல் உலகப் போரில் தங்கள் பக்கம் நின்றதற்குக் கைம்மாறாக, ஜூபா ஆற்றுக்கு மேற்கே இருந்த நிலத்தைப் பிரிட்டன் 1925-இல் இத்தாலிக்குக் கொடுத்தது. ஒரே மக்களின் வடபாதி இத்தாலிய ஆட்சிக்குப் போனது, தென்பாதி பிரிட்டிஷ் ஆட்சியிலேயே நின்றது. அந்தக் கைமாற்றத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் எலியட் என்ற ஆங்கிலேயர் தீவுகளுக்குப் போய்வந்து ஆப்பிரிக்கக் கழக இதழில் தொடராக எழுதினார். விரிவான ஆய்வு வருவதற்கு 1955 ஆனது. இத்தாலிய இனவரைவியலாளர் வினிஜி க்ரொட்டனெல்லி அந்த ஆண்டு பஜுனிகளைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள் 'இந்தியப் பெருங்கடலின் மீனவர்கள்'. அதில் பதிவான உலகத்தில் பாதி இன்று இல்லை.

அந்த உலகத்துக் கடல்தொழிலில் ஒன்றைச் சற்று நின்று பார்க்கலாம். ஆமை பிடிக்க பஜுனிகள் மீனைப் பயன்படுத்தினார்கள். தலைமேல் உறிஞ்சுதட்டு உள்ள ஒட்டுமீன், சுறாவின் வயிற்றிலும் ஆமை ஓட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதை உயிரோடு பிடித்து வைத்து, வால் பக்கம் கயிறு கட்டி, ஆமை தென்படும் இடத்தில் தண்ணீரில் விடுவார்கள். மீன் நேரே போய் ஓட்டின் அடியில் ஒட்டும். இழுத்தால் விடாது, இழுக்க இழுக்கப் பிடி இறுகும். கயிற்றைத் தளர்த்த வேண்டிய நேரம் எது, இழுக்க வேண்டிய நேரம் எது, சுண்டினால் மீனுக்கு என்ன ஆகும், எந்த நீரோட்டத்தில் ஆமை எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் படகில் பேசிப் பேசியே அடுத்தவனுக்குப் போய்ச் சேரும் அறிவு. இன்று கடலாமைகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்த வேட்டை நின்றது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். வேட்டை நிற்கும்போது அதைச் சுற்றியிருந்த பேச்சை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கலாம். பாதுகாப்புத் திட்டங்களுக்கு வந்த பணத்தில் ஒரு துளி அதற்குப் போதுமாயிருந்திருக்கும்.

இனி வயலுக்கு வருவோம். மீனவர்கள் என்றே நாம் சொன்னாலும் பஜுனிகள் பாதி உழவர்களாகவும் இருந்தார்கள். தீவுகளில் மண் மெல்லியது, நல்ல தண்ணீர் குறைவு. எதிர்க்கரையின் நிலப்பகுதியில் புதர்க்காட்டை வெட்டிக் காயவிட்டுத் தீ வைத்து விதைப்பார்கள். தீ வைப்பதற்கு முந்தைய இரவில் பாடுவது 'வாவே'. காட்டைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் கூட்டாக எழும் பாட்டு அது. கிபஜுனியின் பழஞ்சொற்கள் அடர்ந்து கிடப்பது அதில்தான். 1963-இன் இறுதியில் கென்யாவின் வடகிழக்கில் சோமாலியப் பிரிவினைப் போர் மூண்டது. 'ஷிஃப்டா போர்' என்று பெயர் பெற்று 1967 வரை நீடித்த அந்தச் சண்டையில் நிலப்பகுதியின் பஜுனி ஊர்கள் தாக்குதலுக்கு அஞ்சிக் காலியாயின. மக்கள் தீவுகளுக்கும் லாமுவுக்கும் மலிண்டிக்கும் மொம்பாசாவுக்கும் போனார்கள். போர் முடிந்தும் பெரும்பாலோர் திரும்பவில்லை. பின்னால் அந்த வட்டாரத்தில் அரசு காப்பகங்களை அறிவித்தது: 1976-இல் போனி, டொடோரி, 1979-இல் கியுங்கா கடல்வளக் காப்பகம். ஊர் இருந்த இடம் காடாயிற்று, காடு காப்பகமாயிற்று. வெட்டிச் சுட்டு விதைக்க நிலம் இல்லாத இடத்தில் வாவே பாடும் இரவு எப்படி வரும்?

படகு போனதற்கு ஒற்றை ஆண்டு சொல்ல முடியாது. 'ம்டேப்பே' என்ற தையல் படகு பஜுனிகளின் கைவேலை. பலகைகளை ஆணியில்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, ஓலையால் நெய்த சதுரப் பாய் கட்டி ஓட்டினார்கள். நம் சோழமண்டலக் கரையின் மசூலா படகையும் அரபுக் கரையின் பழைய மரக்கலங்களையும் இணைக்கும் இந்தியப் பெருங்கடல் தையல் மரபின் ஆப்பிரிக்க முனை அது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியோடு அது மறைந்தது. ஆணியடித்த படகுகள் வந்தன. கண்டல் வெட்டும் தொழில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பாரசீக வளைகுடாவிலும் ஏமனிலும் வீட்டுக் கூரை தாங்கியது லாமுக் கரையின் கண்டல் கழிதான். மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஃபீட்டோ, பாவு, மாஸியோ, போரிட்டி, ங்குஸோ என்று கழிகளைத் தரம் பிரிப்பார்கள். எது வரிச்சுக்கு, எது உத்தரத்துக்கு, எது தூணுக்கு என்பது வெட்டுகிறவனுக்குக் கண்ணளவிலேயே தெரியும். கண்டல் காட்டைக் காப்பாற்ற 1982-இல் கென்ய அரசு கழி ஏற்றுமதியைத் தடை செய்தது. தடைக்கு நியாயம் இருந்தது. அந்தக் காட்டையே நம்பியிருந்த ஊர்களுக்கு மாற்று என்ன என்ற கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. இளைஞர்கள் மொம்பாசாவுக்குப் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் மொம்பாசாப் பேச்சைப் பேசினார்கள்.

வடபாதியின் நிலை இன்னும் கடுமை. சுதந்திர சோமாலியா 1972-இல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை ஏற்றுக்கொண்டு, மறு ஆண்டிலிருந்து அதை ஆட்சிமொழியாக்கியது. தொடர்ந்து நடந்த எழுத்தறிவு இயக்கம் ஆப்பிரிக்க வரலாற்றில் பெருமையோடு நினைக்கப்பட வேண்டியது. நாடு முழுவதும் ஒரே இனம், ஒரே மொழி என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளம். அந்த நம்பிக்கைக்குள் கிபஜுனி பேசும் தீவுக் குழந்தைக்கு இடமில்லை. 1974–75 வறட்சியில் கால்நடைகளை இழந்த மேய்ச்சல் மக்கள் ஆயிரக்கணக்கில் கரையோரத்தில் குடியமர்த்தப்பட்டு, அரசுக் கூட்டுறவுகள் வழியாக மீனவர்களாக்கப்பட்டார்கள். ஆனாலும் தீவுகளில் பேச்சு உயிரோடுதான் இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் நர்ஸ் திரட்டத் தொடங்கிய சொற்களும் உரைகளும் அதற்குச் சாட்சி.

1991-இல் மொகதிஷுவில் அரசு விழுந்தது. குலத்துக்கொரு படை இருந்த நாட்டில் பஜுனிகளுக்கு ஆயுதமும் இல்லை, துணைக்கு வரும் பெருங்குலமும் இல்லை. தீவுகள் சூறையாடப்பட்டன. படகும் வலையும் பறிபோயின. கிடைத்த படகில் ஏறித் தெற்கே ஓடியவர்களில் எல்லாரும் கரை சேரவில்லை. சேர்ந்தவர்கள் மொம்பாசாவை ஒட்டிய அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் முகாம்கள் மூடப்பட, ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். அங்கே அவர்கள் கடலுக்கு வேறு எஜமானர்கள் வந்திருந்தார்கள். 2000-இல் உருவான அதிகாரப் பங்கீட்டு முறை நான்கு பெருங்குலங்களுக்குத் தலா ஒரு பங்கும், மற்ற எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கும் ஒதுக்கியது. அந்த அரைக்குள் ஒரு சிறு துண்டுதான் பஜுனிகள். 2012-இன் இடைக்கால அரசியலமைப்பு சோமாலியையும் அரபியையும் மட்டுமே அரசின் மொழிகளாகச் சொல்கிறது.

தப்பியவர்களில் சிலர் ஐரோப்பா போனார்கள். அங்கேதான் இந்த மொழி முதன்முறையாக ஓர் அரசின் முழுக் கவனத்தைப் பெற்றது, சந்தேகத்தின் வடிவில். நீ உண்மையிலேயே சோமாலியத் தீவுக்காரனா, கென்யாக்காரனா என்று கண்டுபிடிக்க பிரிட்டன் மொழிச் சோதனையை நாடியது. 2004-இல் வந்த வழிகாட்டுத் தீர்ப்பு ஒன்றின் தலைப்பிலேயே கிபஜுனி பேசும் திறன் இடம்பெற்றது. விண்ணப்பிப்பவர் தொலைபேசியில் பேசுவார். பேச்சு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும். சுவீடனிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் அதைக் கேட்டுவிட்டு, இவர் வடக்கா தெற்கா என்று அறிக்கை கொடுக்கும். 1991-இல் கைக்குழந்தையாக முகாமுக்கு வந்து, கென்யச் சிறுவர்களோடு விளையாடி வளர்ந்த ஒருவரின் பேச்சில் மொம்பாசாச் சுவாஹிலி கலந்திருக்காமல் வேறு என்ன இருக்கும்? அந்தக் கலப்பே பொய் சொல்வதற்கு ஆதாரம் என்று வாசிக்கப்பட்டது. எதிர்ப்பக்கச் சிக்கலும் இருந்தது. சோமாலியாக்காரன் என்றால் சோமாலி தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். தீவிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர்களில் சோமாலி அரைகுறையாகவே தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது.

2004-இலேயே பல நாட்டு மொழியியலாளர்கள் சேர்ந்து இத்தகைய சோதனைகளுக்கு நெறிமுறை வகுத்தார்கள். ஒருவர் எங்கே வளர்ந்தார், யாரோடு பழகினார் என்பதைப் பேச்சு காட்டலாம், எந்த நாட்டின் குடிமகன் என்பதைக் காட்டாது என்பது அதன் சாரம். டெரெக் நர்ஸ் பஜுனி வழக்குகளில் நிபுணராகக் கருத்துச் சொல்ல நேர்ந்தது. தாம் திரட்டிய சொற்கோவையையும் வரலாற்றுக் குறிப்புகளையும் அவர் யாரும் படிக்கும்படி வெளியிட்டார். 2014-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், சோமாலியர்களின் புகலிட வழக்கு ஒன்றில், இத்தகைய நிறுவன அறிக்கைகளை அப்படியே ஏற்கலாகாது, ஒவ்வொரு வழக்கிலும் அவற்றின் தகுதியை நீதிபதி தாமே ஆராய வேண்டும் என்று கூறியது. அதற்குள் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்களோ. ஒரு மொழியைப் பேசுகிறவர்களைச் சிதறடித்துவிட்டு, சிதறாத மொழியைப் பேசிக் காட்டு என்று கேட்பது கொடுமை. இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

தென்பாதிக்கும் அமைதி நீடிக்கவில்லை. 2011-இல் கிவாயுவில் வெளிநாட்டுப் பயணிகள் மீது ஆயுதக் குழு தாக்குதல் நடத்தியது. அடுத்த மாதம் கென்ய ராணுவம் சோமாலியாவுக்குள் நுழைந்தது. பாதுகாப்புக் காரணம் காட்டி, லாமு கடலில் இரவு மீன்பிடிப்புக்கு வந்த தடை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சாயங்காலம் வலை விரித்து விடியுமுன் வாங்குகிறவனுக்கு இரவு இல்லையென்றால் தொழிலே இல்லை. தொழில் போவதோடு இரவின் பேச்சும் போகிறது. நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்வதும், நீரின் நிறத்திலும் ஓசையிலும் பாறையை உணர்வதும் பகலில் கற்றுக்கொடுக்கக்கூடியவை அல்ல. சுவாஹிலிக் கரையில் மாலுமிகளுக்கென்று தனி ஆண்டுக்கணக்கு உண்டு. 'நைரூஸ்' என்ற புத்தாண்டு நாளிலிருந்து பத்துப் பத்து நாட்களாக எண்ணி, எத்தனையாவது பத்தில் காற்று திரும்பும், எந்தப் பத்தில் வெளிக்கடலுக்குப் போகக் கூடாது என்று வகுத்துவைத்த சூரிய நாட்காட்டி அது. வடகிழக்கிலிருந்து வீசும் 'காஸ்காஸி'யும் தெற்கிலிருந்து சீறும் 'கூஸி'யும் அந்தக் கணக்கில்தான் வந்துபோகும். வெளிப்பொறியும் கைப்பேசி வானிலைச் செய்தியும் வந்த பிறகு அதன் தேவை குறைந்தது. கடலுக்குப் போவதே தடைப்பட்டபோது, இளையவர்கள் அதைக் காதில் கேட்கும் சந்தர்ப்பமும் போயிற்று.

இதே ஆண்டுகளில் லாமுவில் பெருந்துறைமுகப் பணி தொடங்கியது. 2012-இல் அடிக்கல், 2021-இல் முதல் கப்பல்தளம். கடல் தோண்டியதில் மீன்பிடி இடங்கள் அழிந்தன என்று மீனவர்கள் தொடுத்த வழக்கில், 2018-இல் உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 4,600 மீனவர்களுக்கு 176 கோடி ஷில்லிங் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பண்பாட்டு உரிமைகளும் பாதிக்கப்பட்டதை அந்தத் தீர்ப்பு ஏற்றது முக்கியமானது. 2021 அக்டோபரில் அனைத்துலக நீதிமன்றம் கென்யாவுக்கும் சோமாலியாவுக்கும் இடையே கடல் எல்லையை வரைந்தது. கோடு கரையிலிருந்து புறப்படும் இடம் பஜுனிக் கரையின் நடுப்பகுதி. வழக்காடியவை இரண்டு அரசுகள். கோட்டின் இருபுறமும் உறவினர்கள் உள்ள மக்களுக்கு அந்த மன்றத்தில் இடம் கிடையாது.

பக்கத்து மொழி ஒன்றைப் பார்த்தால் கிபஜுனிக்கு எது வாய்க்கவில்லை என்று புரியும். வடக்கே பராவா நகரத்தின் சிம்வீனி மொழியும் போரில் சிதறியதுதான். ஆனால், அது நகரத்து மொழி. வணிகர்களும் மார்க்க அறிஞர்களும் அதில் அரபு எழுத்தில் எழுதினார்கள். 1919-இல் மறைந்த டாடா மசிட்டி என்ற பெண் கவிஞரின் பக்திப் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். பராவாவைச் சேர்ந்த முகமது இமாம் அபாஷேக், சார்லஸ் கிசெபெர்த் இருவரும் சேர்ந்து 2004-இல் அதற்கு எடுத்துக்காட்டுகளோடு ஒரு பெரும் சொற்களஞ்சியம் வெளியிட்டார்கள். கிபஜுனியின் இலக்கியம் வேலையோடு ஒட்டியது. வயலுக்கு வாவே, கடலுக்கு 'கிமாய்'. ஏட்டில் ஏறாத பாட்டு, வேலை நின்றதும் நாதியற்றுப் போகிறது.

கென்யாவின் கல்விக் கொள்கை தொடக்க வகுப்புகளில் வட்டாரத் தாய்மொழிக்கு இடம் தருகிறது. ஆனால், பஜுனிப் பிள்ளையின் தாய்மொழி சுவாஹிலி என்று ஏட்டில் இருக்கும்வரை, கிஸிங்கிட்டினி பள்ளிக்குக் கிபஜுனிப் புத்தகம் வருவதற்கு வழியில்லை. கத்ரி கொடுத்த எண்ணைக் கல்வித் துறையும் ஏற்றுக்கொண்டால் போதும், செலவில்லாத முதல் படி அது. அடுத்தது பதிவு. அகராதி என்று பொதுவாகத் தொடங்கினால், சுவாஹிலியோடு ஒத்துப்போகும் அன்றாடச் சொற்களே முதலில் வந்து நிரம்பும். இழந்த வரிசையிலேயே திரட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். 1963-க்கு முன் நிலப்பகுதியில் காடு வெட்டி விதைத்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களிடம் மரம், மண், மழை, விதைப்பு பற்றிய பேச்சையும் வாவேயையும் இந்த ஆண்டே கேட்டாக வேண்டும். கண்டல் வெட்டியவர்களும் 1991-க்கு முன் தீவுகளில் வளர்ந்தவர்களும் அடுத்து. அவர்களில் பலர் மொம்பாசாவிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள், தேடிப் போவது சிரமமில்லை. இரவுக் கடல் தெரிந்தவர்கள் இன்னும் நடுத்தர வயதினர். அவர்களைப் படகிலேயே வைத்துக் கேட்கலாம், கடலுக்குப் போக விட்டால்.